இரும்புத் தொட்டியும் இன்ஜினியர் பேரனும்

ஏல பேராண்டி, சித்திரையில இருந்து பாக்கேன். தொட்டித் தண்ணிய அளக்கேன்னு மாடியில ஏறுத, எறங்குத, செல்போனப் பாத்து மூஞ்சியச் சுளிக்க. தொட்டியில அடியோட அடியா தண்ணி கெடக்கையில ஒம் போனு நெறஞ்சிருச்சுங்குது. வழிஞ்சு ஓடையில பாதிதாங்குது. நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்ச புள்ளைக்கு நான் என்னத்தச் சொல்ல? வால்வு ரேடியோ ரிப்பேரு பாத்துக் கஞ்சி குடிச்சவன். ஆனா கண்டன்சருன்னு ஒண்ணு எங்க காலத்துலயும் இருந்துச்சு பாத்துக்க.

மொதல்ல தொட்டிக்கு வெளியில ஒரு சென்சார் வில்லைய ஒட்டுனியே, அன்னைக்கு எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. இருமுத மாதிரி சமாளிச்சேன். அது பிளாஸ்டிக் தொட்டிக்குன்னு செஞ்சது. பிளாஸ்டிக்கத் தாண்டி அதோட மின்புலம் உள்ள போவும், தண்ணி வந்தா தெரிஞ்சுக்கிடும். இரும்புத் தகட்டுல ஒட்டுனா தகட்ட மட்டுந்தான் பாக்கும். உள்ள தண்ணி கெடந்தாலும் சரி, ஒங்க மாமன் குத்தவச்சு உக்காந்திருந்தாலும் சரி, அதுக்கு ஒண்ணுதான்.

அப்புறம் ஒறை போட்ட கம்பிய உள்ள எறக்குன. புத்தி வந்துச்சுன்னு நெனச்சேன். உடனே கண்டன்சரோட இன்னொரு தகட்டுக்கு அலுமினியப் பட்டை வாங்க டவுனுக்குப் போயிட்ட! ரேடியோவுல ஸ்டேசன் திருப்ப கேங் கண்டன்சருன்னு ஒண்ணு உண்டு. ஒரு செட்டுத் தகடு அசையாது, இன்னொரு செட்டு குமிழத் திருப்பத் திருப்ப அதுக்குள்ள நுழையும். நுழைய நுழைய மின்கொள்ளளவு ஏறும். ஒந் தொட்டியில கம்பிதான் அசையாத தகடு. நுழையுத தகடு தண்ணிதாம்ல. அந்தத் தண்ணி இரும்புத் தொட்டியத் தொட்டுக்கிட்டு நிக்கி. தொட்டியே பாதி கண்டன்சரா நிக்கையில, நீ பட்டை வாங்கப் போற.

மின்காப்பு மாறிலி காத்துக்கு 1, தண்ணிக்கு 80ன்னு நோட்டுல கணக்குப் போட்டு வச்சிருந்தியே, அதையும் எட்டிப் பாத்தேன். கோவிச்சுக்காத. 80 சரிதான், ஆனா அது கரண்டக் கடத்தாத சுத்தத் தண்ணிக்குல்லா கணக்கு. நம்ம போர் தண்ணி சாம்பாருக்கு உப்பே வேணாங்குத தண்ணி. அது நல்லாக் கடத்தும். கடத்துனா அது தகடு. ரெண்டு தகட்டுக்கு நடுவுல நிக்க காப்புச் சரக்கு இல்ல. நடுவுல நிக்கது கம்பி மேல இருக்க ஒறை மட்டுந்தான். டெஃப்ளான் ஒறைக்கு 2.1. உள்ள இருக்க செம்பவிட ஒறையோட வெளிவிட்டம் ரெண்டு மடங்குன்னா, மீட்டருக்கு 168 பிக்கோ ஃபாரடு வரும். ஒன்றரை மீட்டர் தொட்டிக்கு 250. ஒங்க வீட்டு ஃபேன் கண்டன்சர் 2.5 மைக்ரோன்னா, அதுல பத்தாயிரத்துல ஒரு பங்கு.

இம்புட்டுக்கூண்டு சரக்க அளக்க நீ என்ன பண்ணிருக்க? சர்க்யூட்டக் கீழ டிவி பக்கத்துல வச்சுட்டு, மாடிவரைக்கும் பத்து மீட்டரு கேபிள் வயர இழுத்து விட்டிருக்க. அந்த வயரும் கண்டன்சருதாம்ல. மீட்டருக்கு அம்பது பிக்கோவுக்குக் கொறையாது. பத்து மீட்டருக்கு ஐந்நூறு, தொட்டியில ரெண்டு பங்கு! இத்தன நாளும் நீ அளந்தது தண்ணிய இல்ல, வயர. அதுவும் வெயில்ல காய்ஞ்சு காத்துல ஆடுத வயரு. சர்க்யூட்ட ஒரு டப்பாக்குள்ள வச்சு கம்பித் தலையிலயே மாட்டு. மழைத்தண்ணி போவாம அடை. கீழ வர வேண்டியது அங்க எண்ணி முடிச்ச நம்பரு மட்டுந்தான்.

தொட்டியத் தொட்டா நம்பரு தாவுது, மோட்டாரு ஓடுனா ஒரு கணக்கு, நின்னா வேற கணக்குன்னு பொலம்புன. நேத்துகூட புரோகிராம் கோடுல தப்பு இருக்குன்னு விடிய விடிய லேப்டாப்பத் தட்டுன. கோடு என்னல பண்ணும்? ரெண்டு முள்ளு சார்ஜருல சர்க்யூட்டு அந்தரத்துல ஓடுது, தொட்டிய அதோட சேக்கவே இல்ல. ஒன் ரெண்டாந் தகடு நாதியத்துக் கெடக்கு. நீ தொட்டா ஒன் ஒடம்பு வழியா தரையத் தேடும், மோட்டாரு ஓடுனா குழாய்த் தண்ணி வழியாத் தேடும். தொட்டி போல்ட்டு ஒண்ண எடுத்து, பெயிண்டும் துருவும் போவச் சுரண்டி, சர்க்யூட்டு கிரவுண்ட அதுல முறுக்கு. ஒத்த வயரு, பாதிச் சீக்கு போயிரும். மோட்டாரு மெயின அமத்திட்டு ஏறு, ஒங்க ஆச்சிக்கு நான் பதில் சொல்ல முடியாது.

அடித்தண்ணிக்கே நெறஞ்சிருச்சுங்குதே, அது ஒறையில ஓட்டை. அடிமுனைய வெட்டிப் பசை வச்சு அடைச்சல்லா, அங்கதான். சந்தேகமா இருந்தா பிளாஸ்டிக் வாளியில கல்லுப்பக் கரைச்சு கம்பிய முக்கு. மல்டிமீட்டர மெகா ஓமுல வச்சு ஒரு முள்ளு மேல இருக்க செம்புல, இன்னொண்ணு தண்ணியில. நம்பருன்னு ஒண்ணு வந்தாலே கம்பியத் தூக்கிப் போடு. புதுசு எறக்கையில முனையே தண்ணிக்குள்ள இருக்கப்படாது. கம்பிய நடுவுல மடக்கி, மடிப்புல வெயிட்டக் கட்டி எறக்கு. ரெண்டு முனையும் மேலயே நிக்கட்டும். கம்பி ரெண்டாவுததால அளவும் ரெண்டு மடங்கா வரும், ஒனக்குத்தான் லாபம். மலிவா கெடைக்குதுன்னு சாதா பிவிசி வயரப் போடாத, அது நாள்பட நாள்படத் தண்ணி குடிக்கும். டெஃப்ளான்லயும் பாசி படியும், அப்பப்பத் தொடச்சு விடு.

காலியில ஒரு நம்பரு, நெறஞ்சதும் ஒரு நம்பரு குறிச்சுக்கிட்டா முடிஞ்சுது. மோட்டார நிறுத்துத வேலைய மட்டும் அந்தக் கம்பிய நம்பி விட்டுராத, மிதவை சுவிட்சு ஒண்ணும் தொங்கட்டும்.

இதெல்லாம் தெரிஞ்சும் சித்திரையில இருந்து ஏன் வாயத் தொறக்கலன்னு மொறைக்காத. ஒந் தொட்டி வழிஞ்ச தண்ணி செவுத்துக்கு இந்தப் பக்கந்தான் எறங்குது. என் வாழை ரெண்டும் கொலை தள்ளிருக்கு, காய் இன்னும் முத்தல. அதனால அவசரப்படாம மெதுவா மாட்டு. வெட்டையில ஒரு சீப்பு ஒனக்கு.