எல்லாவற்றுக்கும் ஐந்து

யூனிக்ஸ் மரபில் வட்டுக்கு என்ன வந்தாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: பிழை எண் 5, ஈஐஓ. செக்டர் செத்தாலும் 5, கன்ட்ரோலர் மக்கர் பண்ணினாலும் 5. ஸ்கஸி டிரைவ் பாவம், விவரமாகத்தான் புலம்பும்: சென்ஸ் கீ 3, துணைக் குறியீடு ஹெக்ஸில் 11, படிக்க முடியாத பிளாக் இன்னது என்று. கர்னலோ மனுவைப் புரட்டாமலே முத்திரை குத்தும் குமாஸ்தா.

லினக்ஸ் கொஞ்சம் மனம் வைத்தது. டிரைவில் டிஸ்கே இல்லையா? 123. போட்ட டிஸ்க் தப்பான ரகமா? 124. பலே! ஆனால் செக்டர் கெட்டால் கர்னலின் பிளாக் லேயர் தருவது 61. அதன் பொருள் ‘தரவு இல்லை’. இருந்ததய்யா, உங்கள் வட்டுதான் விழுங்கிவிட்டது! தரவுப் பாதுகாப்புச் சோதனை தோற்றால் 84. அதற்கு ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) சொல்லும் விளக்கம், எழுத்துக் குறியாக்கம் சரியில்லையாம். வட்டுப் பழுதுக்கு எழுத்துருவைச் சந்தேகிக்க வேண்டியதுதான்.

இவ்வளவு யோசித்துப் பொறுக்கிய 61 என்ற எண்ணாவது நம் கைக்கு வருமா? சாதாரணமாகக் கோப்பைப் படித்தால், வழியில் கர்னலின் பேஜ் கேஷ் அதை வாங்கி வைத்துக்கொண்டு நம்மிடம் நீட்டுவது, அதே 5.