ஐடில் இலக்கணம்: ஸாப் 900 டர்போவின் ரப்பர் குழாய்கள் குறித்த சிற்றாராய்ச்சி

ஓடாதபோது ஓடுவது ஐடில்.

இதனாற் சொல்லியது யாதோ எனின், கார் நின்ற இடத்தில் நிற்க, அதன் எஞ்சின் மட்டும் எங்கும் போகாமல் சுழன்றுகொண்டிருக்கும் நிலையை உணர்த்திற்று. ‘ஓடாதபோது’ என்றது சக்கரத்தை. ‘ஓடுவது’ என்றது எஞ்சினை. இரண்டும் ஒருசேர ஓடாவாயின் அது ஐடில் அன்று, ஆஃப் என்க. சிக்னலில் பச்சை விழுந்த நேரத்தில் இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்கள், பின்னால் நிற்போர் அடிக்கும் ஹாரன் வழியாக உணர்ந்தவர்களே.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலநூல், சுவீடன் நாட்டு ஸாப் 900 டர்போ, அதிலும் 1980-களின் நடுவில் வந்த 16 வால்வுப் பாடம். கொள்ளளவு 1985 சி.சி. எஞ்சினை முன்பின்னாகத் திருப்பி, கிளட்ச் முன்னால் வரும்படி வைத்திருக்கிறார்கள். சாவித் துவாரம் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே இருக்கிறது. டர்போ அழுத்தம் காட்டும் முள்ளுக்கு எண்களே கிடையாது. நிறப் பட்டைகள் மட்டும்தான், முள் சிவப்புக்குப் போனால் பயப்பட வேண்டும், அவ்வளவே. இப்படி எழுதப்பட்ட நூலுக்கு உரை இல்லாமல் முடியாது. 2011-ல் நிறுவனம் திவாலாகி மூலாசிரியரே இல்லாமல் போனபின் உரையாசிரியர்கள் பெருகியதும் இயல்பே.

இனி, இந்தக் காரின் ரப்பர் குழாய்கள் ஐடிலில் காக்க வேண்டிய வெற்றிடம். இயற்கையில் வெற்றிடம் என்பதே இராது என்றார் அரிஸ்டாட்டில். 1643-ல் டோரிசெல்லி பாதரசக் குழாயைக் கவிழ்த்து, மேலே வெறுமையாக நின்ற இடத்தைக் காட்டினார். 1657-ல் மாக்டபர்க் நகரில் ஓட்டோ ஃபான் கெரிக் இரண்டு செம்பு அரைக்கோளங்களை ஒட்டவைத்து, உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டு, பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கவைத்தார். கோளங்கள் பிரியவில்லை. பதினாறு குதிரையால் ஆகாத வேலையை, எஞ்சின் சூட்டில் முப்பது ஆண்டு வெந்து விரிசல் விட்ட நாலு மில்லிமீட்டர் ரப்பர் குழாய் ஒன்று தனியாகச் செய்துமுடிக்கிறது. உள்ளேயும் வெளியேயும் காற்று ஒன்றாகிவிடுகிறது.

குழாய்கள் போகும் இடங்கள் பல. ஒன்று டம்ப் வால்வுக்கு, ஒன்று பெட்ரோல் அழுத்தச் சீராக்கிக்கு, ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்கு, தடித்த ஒன்று பிரேக் பூஸ்டருக்கு, இன்னொன்று அந்த எண்ணில்லாத முள்ளுக்கு. பெரும்பாலானவை கிளம்புவது இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து. ஐடிலில் திராட்டில் மூடியிருப்பதால் அங்கே உறிஞ்சல். பாதரச அளவில் சுமார் 450 முதல் 500 மி.மீ. வரை இருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தி டர்போ வேலை செய்யத் தொடங்கினால் அதே இடத்தில் தள்ளல். சாதாரணக் காரின் குழாய் மூச்சை இழுக்க மட்டும் அறியும். டர்போ காரின் குழாயோ இழுக்கவும் வேண்டும், ஊதவும் வேண்டும். 1905-ல் டர்போவுக்குக் காப்புரிமை வாங்கிய சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பூக்கி இந்தக் குழாய்களின் பாட்டை எண்ணிப் பார்த்திருக்க நியாயமில்லை.

விரிசலால் வரும் கேட்டை ஒரு கல்யாணப் பந்தியால் விளக்கலாம். வாசலில் கணக்குப்பிள்ளை ஒருவர் உட்கார்ந்து உள்ளே போகிறவர்களை எண்ணுகிறார். இவர்தான் ஏர் மாஸ் மீட்டர். சூடேறிய கம்பி ஒன்றால் காற்றின் நிறையை அளப்பவர். அவர் சொல்லும் எண்ணிக்கைக்குத்தான் சமையற்கட்டில் உலை ஏறும். கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது. ஐடிலில் கணக்கில் வராத நாலு பேர் அவ்வழியே நுழைந்து இலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சோறு போதவில்லை, எஞ்சின் நடுங்குகிறது. டர்போ ஏறியதும் நிலைமை தலைகீழ்: எண்ணப்பட்டவர்கள் கொல்லை வழியே வெளியேறிவிட, சமைத்தது மிஞ்சி, பின்னால் கறுப்புப் புகையாகப் போகிறது. ஒரே கதவு, பஞ்சமும் வீணும் அதன் வழியாகவே.

அஃதேல், ஐடில் நடுங்குவதோடு நில்லாமல் ஏறி ஏறி இறங்குவது ஏன் எனின், கூறுதும். முறையான வேகம் நிமிடத்துக்கு 850 சுற்றை ஒட்டியது. திருட்டுக் காற்று போதுமான அளவு புகுந்தால், ஐடிலுக்கான காற்றை அளந்துவிடும் ஐடில் வால்வு தன்னால் ஆனமட்டும் மூடிப் பார்த்தும் வேகம் ஏறுகிறது. ஓட்டுநர் கால் எடுத்துவிட்டார், ஆனாலும் எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது, அப்படியானால் கார் இறக்கத்தில் இறங்குகிறது என்று கருதிப் பெட்ரோலை நிறுத்திவிடும் கணினிகளும் உண்டு. வேகம் தொபுக்கென்று விழும். அணையப் போகிறதே என்று பதறிக் கணினி மீண்டும் பெட்ரோல் விடும். ஆரோகணம், அவரோகணம். நடுவில் சங்கதி கிடையாது.

நோய் கண்டறிவதில் எல்லாப் பள்ளியினரும் ஒப்பும் விதி ஒன்றுண்டு: விலை மிக்கது முன், விலை மெலிந்தது பின். முதலில் ஏர் மாஸ் மீட்டரை மாற்றுவர். பிறகு ஐடில் வால்வு, ஆக்சிஜன் சென்சார், இக்னிஷன் காயில். கணினிப் பெட்டியையே இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பவரும் உளர். ஒரு தம்ளர் காப்பி விலை பெறாத குழாய் கடைசியில்தான் நினைவுக்கு வரும். இவ்வளவு செலவழித்தபின் காரணம் மலிவாக இருக்கக் கூடாது என்ற மான உணர்ச்சியும் இதில் சேரும் என்பது என் கருத்து.

கண்டறியும் முறைகளில் தலையாயது புகை. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் தருக்கம் மணிமேகலையிலேயே பேசப்பட்ட பழஞ்சரக்கு. பட்டறையார் அதைப் புரட்டிப் போட்டார்கள். எஞ்சினை அணைத்து, காற்று வரும் வாயை அடைத்து, மெல்லிய அழுத்தத்தில் புகையை உள்ளே விடுகிறார்கள். புகை எங்கே எழுகிறதோ அங்கே ஓட்டை. புகையுண்டு, நெருப்பில்லை, இருந்தால் பட்டறை இராது. இந்தக் காரணத்தாலேயே, ஓடும் எஞ்சின் மேல் கார்பரேட்டர் கிளீனரை அடித்து ஐடில் மாறுகிறதா என்று பார்க்கும் இன்னொரு பள்ளியை நான் எட்ட நின்றே மதிக்கிறேன்.

எண்ணெய் மூடிச் சோதனை இன்னும் நுட்பமானது. எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் ஐடில் தடுமாற வேண்டும். தடுமாறினால் நலம். ஒன்றுமே நடக்காவிட்டால், ஏற்கெனவே வேறெங்கோ பெரிய மூடி திறந்திருக்கிறது என்று பொருள். நோயாளி கத்தினால் மகிழ்ந்து, சும்மா இருந்தால் கவலைப்படும் மருத்துவம் இது. சீராக்கிக்குப் போகும் குழாயைக் கழற்றி முகர்வதும் நன்று. பெட்ரோல் வாடை தூக்கினால் குற்றம் குழாயில் இல்லை. உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

புதுக் குழாய் ரப்பரா சிலிக்கானா என்பதில் சைவ வைணவப் பிணக்குக்கு நிகரான பிணக்குண்டு. சிலிக்கான் சூட்டைத் தாங்கும். நீலம், சிவப்பு என்று பளிச்சென்றும் இருக்கும். ஆனால் சாதாரணச் சிலிக்கான் பெட்ரோலுக்கும் எண்ணெய் ஆவிக்கும் ஆகாது. சுவர் மெலிந்ததாயின் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். என் வாக்கு கறுப்பு ரப்பருக்கே. என்றேனும் மறுபடி மாற்ற நேரும். உரையெழுதுவோர்க்கும் பிழைப்பு வேண்டுமல்லவா?

கழற்றிய குழாயை யாரும் எறிவதில்லை. ஐடில் 850-ல் நின்ற அன்று மாலை, அந்த ஒரு சாண் ரப்பரை விளக்கடியில் வளைத்து, முனையிலுள்ள மயிரிழை விரிசல் வாய் திறப்பதை வீட்டாருக்குக் காட்டுவது மரபு. “இதுக்கா ரெண்டு மாசம்?” என்று அவர்கள் கேட்பதும் மரபே. அவ்வினாவுக்கு உரையாசிரியர் ஒருவரும் விடை கூறிற்றிலர்.