வாழ்க எங்கள் சங்கம்

தீப்பெட்டித் தொழிலில் சமத்துவம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது எங்கள் சங்கத்தின் புண்ணியம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், இயந்திரத் தீப்பெட்டிக்கு 18 சதவீதம் என்று அரசாங்கம் பாரபட்சம் காட்டியது. ஒரே குச்சி, ஒரே மருந்து, வரி மட்டும் இரண்டா என்று எங்கள் தலைவருக்கு மனம் பொறுக்கவில்லை. பெரிய இயந்திரம் வைத்திருப்பவர் என்றாலும் பேச்சில் எப்போதும் நியாயம்தான். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் 12 என்று ஆனது. பொதுக்குழுவில் அவருக்குச் சால்வை போர்த்தினோம்.

கணக்குத் தெரியாத சிலர் அன்றைக்கே முணுமுணுத்தார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பண்டல் என்றால் 600 பெட்டி. அதை 300 ரூபாய்க்கு விற்றால் கைத் தீப்பெட்டிக்கு முன்பு வரி 15 ரூபாய், பிறகு 36. இயந்திரத் தீப்பெட்டிக்கு முன்பு 54, பிறகு அதே 36. எங்களுக்கு 21 ஏறியது, அவர்களுக்கு 18 இறங்கியது. ஏற்றமும் இறக்கமும் கிட்டத்தட்ட சரிக்குச் சரி. இதைவிடப் பொதுநலமாக யாரால் நடந்துகொள்ள முடியும்? பண்டலுக்கு 39 ரூபாய் வித்தியாசத்தை நம்பித்தான் கழுகுமலை, எட்டயபுரம் பக்கத்துச் சின்னத் தீப்பெட்டி ஆபீஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பது அவரவர் சொந்தப் பிரச்சினை.

தலைவருக்கு வரலாற்றுப் பற்றும் அதிகம். 1920-களில் ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்த கதையை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார், குரல் தழுதழுக்கும். விம்கோ கம்பெனியின் இயந்திரங்களுக்கு முன்னால் நம் கைத்தொழில் எப்படிப் பிழைத்தது, சின்ன உற்பத்தியாளருக்குக் கலால் வரி குறைவாக இருந்ததற்கு அதில் என்ன பங்கு என்ற பகுதியை மட்டும் நேரமில்லாததால் விட்டுவிடுவார். பந்திக்கு நேரமாகிவிடும் அல்லவா?

2021-ல் அவர் காட்டிய துணிச்சலையும் சொல்ல வேண்டும். சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425-லிருந்து 810-க்கு ஏறியது. மெழுகு, அட்டை எல்லாமே கூடவே ஏறின. 2007-லிருந்து ஒரு ரூபாயிலேயே நின்ற பெட்டியை டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆக்கினார்கள். வாங்குகிறவர் மனம் கோணக் கூடாதென்று குச்சியையும் 36-லிருந்து 50 ஆக்கினார்கள். இதிலும் பெரியவர் சிறியவர் என்ற பேதம் இல்லை. இயந்திரத்துக்கு 36-ம் ஒன்றுதான், 50-ம் ஒன்றுதான். என் ஆபீசில் அடைக்கிற அக்கா குச்சியை எண்ண மாட்டார். ஒரு கைப்பிடி அள்ளி, கட்டைவிரலால் ஒரு தட்டு, பெட்டிக்குள் போய்விடும். முன்பெல்லாம் எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். வருஷக்கணக்காகப் பழகிய அந்தக் கைப்பிடிக்குப் புது அளவு பிடிபடவே இல்லை. ஒரு பெட்டியில் 42, அடுத்ததில் 57. “அண்ணாச்சி, உங்க தலைவரை வந்து ஒரு பெட்டி அடைச்சுக் காட்டச் சொல்லுங்க” என்றார். அவருக்கு டெல்லி வேலை இருக்கிறது என்று சமாதானம் சொன்னேன்.

டெல்லி வேலையும் வீண் போகவில்லை. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023 ஜூனில் தடை வந்தது. இதை நிஜமாகவே பாராட்டுகிறேன். (மற்றதையும் நிஜமாகத்தான் பாராட்டுகிறேன், சந்தேகம் வேண்டாம்.) லைட்டரிடமிருந்து மீண்ட வியாபாரம் யாருடைய பண்டலுக்குப் போனது என்று கேட்பது நன்றிகெட்ட பேச்சு.

மருந்துக்கான குளோரேட்டையும் மெழுகையும் சங்கமே மொத்தமாக வாங்கிச் சின்ன ஆபீஸ்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று ஒரு மனு கொடுத்திருந்தேன். தூக்கிப் போட்டுவிடவில்லை, பத்திரமாகக் கோப்பில் வைத்திருக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் “பரிசீலனையில் இருக்கிறது” என்று முகம் சுளிக்காமல் சொல்கிறார்கள். கூட்டங்களும் இப்போது ஏசி மண்டபத்தில்தான். மேடையில் ஏறி நிற்கும் சிரமத்தைக் கைத் தீப்பெட்டிக்காரர் யாருக்கும் கொடுப்பதில்லை. எங்களுக்குக் கடைசி வரிசை. அங்கிருந்து பந்தி பக்கம்.

இத்தனைக்கும் மேலே என்மீது தனி அக்கறை வேறு. போன தையிலிருந்து என் ஆபீசில் மருந்து முக்குவதில்லை, என் லேபிளும் ஓடவில்லை. தலைவருடைய கம்பெனியிலிருந்து மருந்துக் குச்சி மூட்டை மூட்டையாக வருகிறது, அவர் லேபிள் ஒட்டிய பெட்டியில் அடைத்துக் கொடுக்கிறோம். பண்டலுக்கு என்ன கூலி என்பதையும் அவரே ஒரு சீட்டில் எழுதி அனுப்பிவிடுகிறார். பேரம் பேசுகிற வேலைகூட எனக்கு வைக்கவில்லை.