மூன்றாம் மாடி சமுத்திரராஜன்

நம்மவர் வீட்டுக் கூடத்தில் இருப்பதை ‘மீன்தொட்டி’ என்று சொல்லிவிடாதீர்கள், முகம் சுண்டிப்போகும். மீன்தொட்டி என்பது பல் டாக்டர் வரவேற்பறையில் இருப்பது. நாலு தங்கமீனும், வாயைத் திறந்து திறந்து மூடும் ஒரு புதையல் பெட்டியும் அதற்குப் போதும். நம்மவருடையது ‘ரீஃப் டேங்க்’. உப்பு நீர், பவளம், அலை, எல்லாம் உண்டு.

ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். வயது நாற்பதைத் தாண்டி ரத்த அழுத்தம் லேசாக எட்டிப் பார்த்தபோது, “மனசுக்கு இதமா ஏதாவது ஹாபி வெச்சுக்குங்க” என்றார் டாக்டர். மாடித்தோட்டம் போட்டிருக்கலாம், வீணை கற்றிருக்கலாம், சும்மாவே இருந்திருக்கலாம். நம்மவர் கடல் வளர்ப்பது என்று முடிவு செய்தார்.

முதல் ஆறு மாதம் தொட்டியே கிடையாது. எக்ஸெல் ஷீட் மட்டும்தான். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 450 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலேயே எடை இருக்கும். கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்டு, அதற்குள் ஒளிந்திருக்கும் வடிகட்டித் தொட்டி என்று கூட்டிப் பார்த்தால் முக்கால் டன்னைத் தாண்டுகிறது. சேதி கேட்ட அன்றே இரண்டாம் மாடி மாமா தம் கட்டிலை அடுத்த அறைக்கு நகர்த்திவிட்டார்.

அடுத்தது தண்ணீர். குடியிருப்பது திருவான்மியூர். வங்கக்கடல் நடந்து போகிற தூரம்.

“ரெண்டு குடம் மொண்டுண்டு வந்தா ஆச்சு. இதுக்கு எதுக்குடா இத்தனை கணக்கு?” என்றாள் அம்மா.

“கரையோரத் தண்ணி அழுக்கும்மா. சாக்கடை, சேறு, பாஸ்பேட்டு...”

ஆகவே நம்மவர் கடலைச் சொந்தமாகவே தயாரிக்கிறார். நெம்மேலியில் 2013 முதல் ஒரு நிலையம் கடல்நீரிலிருந்து உப்பை நீக்கித் தென்சென்னைக்குக் குடிநீர் அனுப்புகிறது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அதன் கொள்ளளவு. அப்படிக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கரிப்பு நீக்கிய தண்ணீரை நம்மவர் குழாயில் பிடித்து, ஆர்.ஓ.வில் ஒரு தரம், அதற்கு மேல் டி.ஐ. பிசினில் ஒரு தரம் வடிகட்டுகிறார். டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டியதும், கப்பலேறி வாளியில் வந்த வெளிநாட்டு உப்பை லிட்டருக்கு 35 கிராம் வீதம் கொட்டிக் கலக்குகிறார். தொட்டி நிரம்ப ஏறக்குறைய 16 கிலோ உப்பு. எடுக்க அரசாங்கம், போட நம்மவர்.

பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு, ஜன்னலோரம் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்து, “1.025!” என்று கூவுவார். “ரசத்துல உப்பு சரியா இருக்கான்னு கேட்டா மேல பார்த்து யோசிப்பார். இங்க மட்டும் மூணு தசமம் வரைக்கும் தெரியறது” என்பாள் மனைவி.

தண்ணீர் தயார், மீன் விடலாமா? மூச்! ‘சைக்கிள்’ ஆக வேண்டும். மீன் கழிவிலிருந்து எழும் அம்மோனியா மீனையே கொன்றுவிடும். அதை நைட்ரைட்டாக்க ஒரு பாக்டீரியா, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொரு பாக்டீரியா. இவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை அவற்றுக்குத் தீனி? ஒரு பச்சை இறாலைத் தொட்டியில் போட்டு அழுகவிடுவது பழைய வழி. பூண்டுக்கே அனுமதி இல்லாத வீட்டிலிருந்து கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார் நம்மவர்.

“ஒரே ஒரு எறாவா? தலையச் சுத்திப் போடவா சார்?” என்று கேட்ட மீன்கார அம்மா, இரக்கப்பட்டுக் காசே வாங்கவில்லை.

அந்த ஆறு வாரமும் வீட்டுக்கு வந்த உறவினர்கள்தான் பாவம். நீல விளக்கில் வெறும் கல்லும் தண்ணீரும் தெரியும். நம்மவர் பக்கத்தில் நின்று, “பாருங்க, பாக்டீரியா நல்லா செட்டில் ஆயிண்டிருக்கு” என்பார். அவர்களும் குனிந்து, நிமிர்ந்து, “லட்சணமா இருக்கு” என்று சொல்லிவிட்டுக் காபியை வேகமாகக் குடிப்பார்கள்.

ஒருவழியாக மீன் வந்தது. பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஜோடி. குழந்தைகள் ‘நீமோ’ என்று ஓடிவர, நம்மவர் பாடம் எடுத்தார். இந்த மீன்கள் எல்லாமே முதலில் ஆண்தான். கூட்டத்தில் பெரியதாக இருந்து அதிகாரம் செய்வது மட்டும் பெண்ணாக மாறும். அது போய்விட்டால் அடுத்த ஆண் பெண்ணாகி அந்த இடத்துக்கு வரும். ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமியார், “இதுல அதிசயம் என்ன மாப்ளே? அதிகாரம் பண்றதுதானே பொம்மனாட்டி” என்றாள். மாமனார் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

பவளம் விஷயத்தில் நம்மவர் சட்டம் படித்தவர். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி இருக்கிறது. அதே அட்டவணையில் பாறை கட்டும் கல்பவளமும் கடல்குதிரையும் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கே ஒரு பவளக்கல்லைக்கூடத் தொடக் கூடாது. ஆகவே தொட்டியில் இருப்பது செய்கல். அதன்மேல் ஆடி அசையும் மென்பவளம் கொஞ்சம். கடைக்காரர் யாராவது, “ராமேஸ்வரம் சைடு கல்லு, உள்ள இருக்கு, பாக்கறீங்களா?” என்று கிசுகிசுத்தால், அங்கேயே ஒரு மணி நேரப் பிரசங்கம் நடக்கும். அந்தக் கடையில் அதோடு நம்மவருக்குக் கிசுகிசுப்பு நின்றுவிடும்.

சித்திரை பிறந்ததும் சில்லர் வந்தது. 2016 கோடையில் கடல் சூடேறியதும் மன்னார் வளைகுடாப் பவளமே வெளுத்துப்போனது; கூடத்துப் பவளம் எம்மாத்திரம்? தண்ணீர் 26 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. தண்ணீரிலிருந்து பறித்த சூட்டைச் சில்லர் எங்கே கொட்டும்? கூடத்தில்தான். பவளம் குளிர்ந்திருக்க, குடும்பம் விசிறிமட்டையோடு பால்கனிக்குக் குடிபெயர்ந்தது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற லட்சுமணக்கோட்டை மீட்டர் எப்போது தாண்டியது என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் முதலில் ஓடுவது அலை மோட்டார். மின்விசிறிக்கு இணைப்பே கொடுக்கவில்லை.

தஞ்சாவூரில் மைத்துனி கல்யாணத்துக்கு எல்லோரும் போனார்கள், நம்மவரைத் தவிர. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றாவிட்டால் நாளுக்கு நாள் கரிப்பு ஏறும். இதை எதிர்வீட்டுப் பையனிடம் ஒப்படைக்க மனம் ஒப்பவில்லை. மைத்துனி இன்றுவரை பேசுவதில்லை. தொட்டியில் எல்லோரும் சௌக்கியம்.

போன வாரம் டாக்டரைப் பார்த்தார். அல்கலினிட்டி 8.5, கால்சியம் 420, மக்னீசியம் 1300 என்று வரிசையாக ஒப்பித்தார். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்க பி.பி. எவ்வளவு?” என்றார்.

“அது பார்த்து நாளாச்சு டாக்டர்.”

பார்த்தார்கள். மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது. நம்மவருக்குக் காரணம் தெரியும்: தொட்டி சிறிது. தண்ணீர் குறைவானால் அளவுகள் சட்டென்று ஆடும். கூடினால் நிலைத்து நிற்கும். ஆக, எட்டடித் தொட்டி வைத்தால் நிம்மதி. மூன்றாம் மாடி அதைத் தாங்காது என்பதால் தரைத்தளத்தில் வீடு பார்க்கிறார். கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்தாற்போல அருமையான வீடு ஒன்றைத் தரகர் காட்டினார். வாடகையும் குறைவு. நம்மவர் வாசலோடு திரும்பிவிட்டார்.

“உப்புக்காத்துங்க. மோட்டார், லைட்டு எல்லாம் துருப்பிடிச்சுடும்.”