கடைசி நிமிட விருந்தாளி

வேற்றுகிரகவாசி படம் என்றால் எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு: இடைவேளைக்குள் அவர் வந்தாக வேண்டும். 'இண்டிபென்டன்ஸ் டே'யில் சொன்ன நேரத்துக்கு வந்து வெள்ளை மாளிகையைத் தூள் தூளாக்கினார். அவ்வளவு ஏன், 1963-லேயே 'கலை அரசி'யில் நம்பியார் வடிவில் வந்து, தன் கிரகத்தாருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகவில்லையா? வந்தார், வேலையைப் பார்த்தார்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'யூரோப்பா ரிப்போர்ட்' போட்டேன். 2013-ல் செபாஸ்டியன் கோர்தேரோ இயக்கிய படம். வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஆறு பேர் கிளம்புகிறார்கள். வில்லன் கிடையாது, துப்பாக்கி கிடையாது. கப்பலுக்குள் மாட்டிய கேமராக்கள் காட்டுவதுதான் படம்.

பத்தாவது நிமிடத்தில் தூத்துக்குடி அத்தை கேட்டார், "மாப்ள, அது எப்ப வரும்?"

"வரும் அத்தை. பனிக்கு அடியில் கடல் இருக்கு. நம்ம பூமியில் உள்ள கடல் எல்லாத்தையும் சேர்த்தாலும் அதில் பாதிதான் தேறுமாம்."

"அவ்வளவு தண்ணியா? அப்ப லாரி வைத்தாவது எடுத்து வரலாமே" என்றாள் என் மனைவி. அன்று எங்கள் தெருவில் தண்ணீர் வராத நாள்.

விண்கலத்துக்கு வெளியே ரிப்பேர் பார்க்கும் ஒருவரின் உடையில் ஹைட்ரசீன் என்ற விஷ எரிபொருள் தெறித்துவிடுகிறது. அதோடு உள்ளே வந்தால் எல்லோருக்கும் ஆபத்து. "உடுப்பைக் கழத்திப் போட்டுட்டு உள்ள ஓடி வரட்டுமே" என்றார் அத்தை. நான் சிரித்தேன். அடுத்த நிமிடமே படத்தில் கூட இருந்தவரும் அதே யோசனையைச் சொன்னார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நாசாவே வேலைக்குக் கூப்பிட்ட தோரணை இருந்தது.

யூரோப்பாவில் இறங்கியபின் காத்யா என்ற விஞ்ஞானி பனியைச் சுரண்டி, ஒற்றைச் செல் உயிரி ஒன்றைக் கண்டுபிடிக்கிறாள். மனிதகுல வரலாற்றிலேயே மாபெரும் தருணம்! என் கண் கலங்கியது. "கண்ணுக்கே தெரியாததுக்கா இத்தனை செலவு?" என்றபடி அத்தை அடுப்பில் பால் வைக்க எழுந்தார்.

அவர் தம்ளரோடு திரும்பியபோது படம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது. நீல ஒளி வீச, நீண்ட கைகளோடு அது வந்தேவிட்டது. உற்றுப் பார்த்த அத்தை, "அட, இது கணவாய்ல்லா! மிளகு தூக்கலாப் போட்டு வறுத்தா..." என்று ஆரம்பிப்பதற்குள் திரை இருண்டுவிட்டது.

"இதுக்கா ஒன்றரை மணி நேரம்?" என்று வீடே என்னைச் சூழ்ந்தது.

நிஜக் கதை தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டார்கள். 1960-ல் பிராங்க் டிரேக் என்ற வானியலாளர் இரண்டு விண்மீன்களை நோக்கி ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பிவைத்துக் காது கொடுத்தார், யாரும் பேசவில்லை. 1977-ல் ஒஹாயோவில் 72 விநாடிகள் ஒரு சமிக்ஞை வந்தது. பதிவைப் பார்த்த விஞ்ஞானி தாளின் ஓரத்தில் 'வாவ்' என்று எழுதிவைத்தார். அப்புறம் இன்றுவரை அது வரவே இல்லை. 2024 அக்டோபரில் யூரோப்பாவை ஆராயக் கிளம்பிய 'யூரோப்பா கிளிப்பர்' விண்கலம் 2030-ல்தான் வியாழனைச் சேரும். சேர்ந்தாலும் உயிரைத் தேடாது. உயிர் வாழத் தோதான இடமா என்று மட்டும் பார்க்கும். பெண் பார்க்கப் போகுமுன் தெருவை விசாரிக்கிற கட்டம்தான் இது.

அந்தக் கணக்கில், தொண்ணூறு நிமிடத்துக்குள் ஆளைக் கண்ணில் காட்டிய கோர்தேரோ பெரிய அவசரக்காரர். பொறுமை உள்ளவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். பால் மட்டும் முன்கூட்டியே காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள்.