ஐம்பது பென்ஸ் ஆட்சி

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் லண்டனில் கூடினால் பேச்சு நேரே யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்துக்குப் போய்விடும். நான் மட்டும் 1970களில் டூட்டிங்கில் இருந்த வாடகை அறையை நினைத்து உருகுவேன். அறை முழுக்க மண்ணெண்ணெய் ஹீட்டர் மணம். யன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் உறைபனி. "இஞ்சாருங்கோ, அதுக்கெல்லாம் ஏங்கிற ஆள் உலகத்திலயே நீங்கள் ஒராள்தான்" என்பாள் மனைவி. அவளும் அங்கேதான் நடுங்கினாள் என்பதால் எதிர்வாதம் எடுபடுவதில்லை.

உண்மையில் நான் ஏங்குவது குளிருக்கல்ல, அதிகாரத்துக்கு. அந்த அறையில் காசு போட்டால்தான் மின்சாரம். கதவுக்கு மேலே மீற்றர். 50 பென்ஸ் குற்றியைச் செருகித் திருப்பவேண்டும். வீட்டுக்காரர் அதை என்ன விலைக்கு முடுக்கி வைத்திருந்தாரோ, கலியாண வீட்டில் வடை போவதுபோல் காசு போகும். ஏழு மூலைக் காசு யாருடைய சட்டைப்பையில் இருக்கிறதோ அவரே குடும்பத் தலைவர். சோறு அரைவேக்காட்டில் கிடக்க வெளிச்சம் அணையும். இருட்டுக்குள்ளிருந்து "உங்களிட்ட காசு இருக்கே?" என்று வருகிற அந்தக் குரலில் இருந்த மரியாதை பிறகு எனக்குக் கிடைத்ததே இல்லை.

இன்றைக்கு எங்கள் வீட்டுச் சூடு மகளின் கைபேசிக்குள் இருக்கிறது. அவள் மான்செஸ்டரில் இருந்தபடி குறைக்கிறாள். நான் இரண்டாவது ஸ்வெட்டரைப் போடுகிறேன்.

என் ஆட்சிக்கு முதல் அடி 1972 பெப்ரவரியில் விழுந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். மின்சாரத்தை முறைவைத்து வெட்டினார்கள். கை நிறையக் காசோடு மீற்றரின் கீழ் நின்றேன். மீற்றர் என்னை மதிக்கவில்லை, மனைவியும்தான். 1974 தொடக்கத்திலிருந்து தொழிற்சாலைகளுக்கு வாரம் மூன்று நாள்தான் மின்சாரம் என்றார் பிரதமர் எட்வர்ட் ஹீத். இருந்த மூன்று தொலைக்காட்சி அலைவரிசைகளையும் இரவு 10.30க்கு மூடச் செய்தார். மார்ச்சில் அவருடைய பதவியும் போயிற்று. சமதுக்கம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, அவர்மீது எனக்குத் தனிப் பாசம்.

1976 கோடை வறட்சிதான் எனக்கு மறுவாழ்வு. அதற்குள் தோட்டமுள்ள சிறிய வீட்டுக்கு மாறியிருந்தோம். சில ஊர்களில் வீட்டுக் குழாயை நிறுத்தித் தெருக்குழாய் வைத்தார்கள். தொட்டியை நிரப்பி ஊறிப் பழகிய சனத்துக்கு நடுவே, ஒரு வாளித் தண்ணீரில் தலைமுழுகத் தெரிந்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன். குளித்த தண்ணீரை ரோசாச் செடிக்குச் சுமந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு மூதாட்டி விளக்கம் கேட்டார். வேலிக்கு இப்பால் நின்று, முழுச் சட்டையோடு, வெறும் வாளியில் மொண்டு மொண்டு செய்துகாட்டினேன். அங்காலை வீட்டாரும் எட்டிப் பார்த்தார்கள். குறிப்பெடுக்க வசதியாக முதுகு தேய்ப்பதை இரண்டாம் முறையும் காட்டினேன்.

ஆகஸ்ட் கடைசியில் அரசாங்கம் டெனிஸ் ஹவெல் என்பவரை வறட்சிக்கென்றே அமைச்சராக்கியது. சில நாளில் மழை கொட்டியது. பெயரெல்லாம் அவருக்கு. மூதாட்டி மறுபடி தொட்டியில் ஊறப் போய்விட்டார். போகுமுன் என் வாளியைக் கேட்டு வாங்கினார், உருளைக்கிழங்கு போட்டுவைக்க.