அப்பீல் அப்பா

ஜூன் பிறந்தால் கேரளத்தில் பள்ளி திறக்கும். மழையும் கூடவே வரும். அட்டப்பாடி மலையின் அகளியில் அன்றைக்குப் படிப்பு தொடங்கிவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. தொடங்குவது அப்பாவின் ஓட்டம்.

விளையாட்டுக்குக் காயிகமேளா, அறிவியலுக்குச் சாஸ்திரமேளா, கலைக்குக் கலோத்சவம். ஒவ்வொன்றுக்கும் பள்ளி, உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று நாலு படி. உபஜில்லா என்றால் மண்ணார்க்காடு. மலைச் சுரம் இறங்க வேண்டும். நீளம் தாண்டப்போகும் தம்பி வளைவுக்கு வளைவு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவான். பரதம் ஆடப்போகும் அக்காவுக்கு அம்மா ஓடும் ஜீப்பிலேயே மை தீட்டுவாள். ஒரு கண்ணில் மை, மறு கன்னத்தில் மை.

1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கியது மாநிலக் கலோத்சவம். ஜெயிக்கும் மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை. ஏ கிரேடு வாங்கும் பிள்ளைக்கு கிரேஸ் மார்க். தோற்ற பிள்ளையின் அப்பாவுக்கு அப்பீல் மனு. அதற்கும் கட்டணம் உண்டு. கலை வளர்கிறதோ இல்லையோ, ரசீதுக் கட்டு வளர்கிறது.

2025 ஜனவரியில் திருவனந்தபுரம் கலோத்சவத்தில் இருளர் பழங்குடியின் நடனமும் முதன்முறையாகப் போட்டியில் சேர்ந்தது. அட்டப்பாடி ஊர்களில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிலும் பொறையும் முழங்க, விடிய விடிய ஆடிய ஆட்டம். இப்போது நிமிடக் கணக்கு, நடுவர் மூவர், மதிப்பெண் தாள்.

கேள்விப்பட்ட ஊர்த் தலைவரான மூப்பர் ஒருவர் அப்பாவை நிறுத்திக் கேட்டார்: “ஏந் தம்பி, ஆட்டத்துல தோக்கறது எப்படி?”

அப்பா நிற்கவில்லை. அப்பீலுக்கு நேரமாகிவிட்டது.